மூவரி அணிலும் முற்றாத கொய்யாவும்: முனைவர் பட்டத்துக்கு உரிய ஓர் ஆய்வு

தமிழாய்வு உலகம் போதிய கவனம் செலுத்தாத துறைகளில் தலையாயது கொல்லைப்புற அணிலியல். அக்குறையைப் போக்கும் பொருட்டு, ஒரு கொய்யா, ஒரு சப்போட்டா, ஒரு மாதுளை ஆகிய மூன்று மரங்களைக் களமாகக் கொண்டு இவ்வாய்வு நிகழ்த்தப்பட்டது. நெறியாளர் என் மாமியார்.

முன்னோர் ஆய்வுகளை முதலில் பார்த்துவிடலாம். அணிலின் முதுகில் மூன்று வரி என்பதைத் தொல்காப்பிய மரபியலே பதிவு செய்துவிட்டது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1766-இல்தான் அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார். அதையும் பனையோடு சேர்த்து வைத்தார். கொய்யாவோடு சேர்த்திருந்தால் குற்றப் பின்னணி பெயரிலேயே விளங்கியிருக்கும். சேது கட்ட உதவிய அணில்களைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் போற்றுகிறார். ராமர் முதுகில் தடவிக் கொடுத்த கதை வால்மீகியில் கிடையாது. ஆனாலும் அந்த நற்சான்றிதழ் இன்றுவரை செல்லுபடியாகிறது. எலிக்குப் பொறி வைக்கும் அதே வீட்டில் அணிலுக்குச் சோறு வைக்கிறார்கள். இரண்டும் கொறித்துண்ணிகள்தாம். பிள்ளையாரையே சுமந்தும் எலிக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அரசின் நிலைப்பாடும் இதுவே. அணிலின் பெரிய உறவினரான சாம்பல் நிற மலை அணிலுக்கு 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயமே அமைத்தார்கள். 2021-இல் மின்துறை அமைச்சர், மின்தடைக்கான காரணங்களில் கம்பியில் ஓடும் அணிலையும் சேர்த்தபோது ஊரே சிரித்தது. அணில் மீது விசாரணை ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை.

இனி தடயவியல். கடிபட்ட பழமெல்லாம் அணிலின் கணக்கில் எழுதப்படுவது முறையன்று. அணில் பகல்நேர ஊழியர். ராத்திரியில் நடந்திருந்தால் வௌவாலையோ எலியையோ சந்தேகிக்க வேண்டும். வௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை மரத்தடியில் துப்பிவிட்டுப் போகும். அணில் அப்படியெல்லாம் அநாகரிகமாக நடந்துகொள்ளாது. பின்னங்காலில் உட்கார்ந்து, முன்னங்கைகளால் பழத்தைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கொறிக்கும். கொய்யாவில் ஒட்டியொட்டி இரண்டிரண்டு கீறல்களாகப் பல்தடம் விழுந்திருக்கும். அதன் கைவண்ணத்தின் உச்சம் மாதுளைதான். பின்பக்கம் ஓர் ஓட்டை. அதன் வழியே முத்துகள் மொத்தமும் காலி. முன்பக்கம் மட்டும் சிவந்து, கொழுத்து, காம்பில் ஆடிக்கொண்டிருக்கும். பறிக்கப் போய்த் தொட்ட பிறகுதான் வெறும் ஓடு என்பது புலப்படும்.

ஒரு பழத்தை முழுதாகத் தின்றுவிட்டு அடுத்ததற்குப் போகாமல் ஏன் பத்துப் பழத்தையும் பதம் பார்க்கிறது? பதிலின் ஒரு பகுதி பல்லில் இருக்கிறது. அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. முன்பக்கம் கெட்டியான எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மை; கொறிக்கக் கொறிக்க உளி போலத் தீட்டப்படும். ஆகவே பட்டை, சொட்டுநீர்க் குழாய், வயர் எதுவும் தப்பாது. நெறியாளரின் விளக்கம் வேறு: "ருசி பாத்துக் குடுக்குது மாப்ளே. அது கடிச்ச பழந்தான் இனிக்கும்." இக்கருதுகோளை மறுக்க முடியவில்லை. வீட்டில் யாருமே கடிபடாத பழத்தை நம்பி வாயில் வைப்பதில்லை.

தடுப்பு முறைகளில் பழைய சிடியைக் கட்டித் தொங்கவிட்டதில் அணில்களுக்கு முகம் பார்க்கும் வசதி கிடைத்தது. மிளகாய்க் கரைசலில் அறிவியல் உண்டு. பாலூட்டிக்கு எரியும், பறவைக்கு எரியாது. ஆகவே அணில் விலகிய இடத்தில் கிளி அமர்ந்தது. அடுத்த மழையில் காரம் கரைய, அணிலும் வந்து சேர்ந்துகொண்டது. நடுமரத்தில் தகரப் பட்டை அடிப்பது தனித்து நிற்கும் தென்னைக்குப் பொருந்தும். கேபிள் வயர், மதில், பக்கத்து வீட்டு முருங்கை என்று மூன்று வழி இருக்கும்போது அடிமரத்தில் மட்டும் காவல் போட்டு என்ன பயன்? பூனை பற்றி எழுதத் தக்கதாக ஏதுமில்லை. அது வெயிலில் படுத்து அணிலைப் பார்த்தது.

பிடித்து நாலு தெரு தள்ளி விட்டுவரலாமே என்பார் சிலர். ஆஸ்திரேலியாவின் பெர்த் உயிரியல் பூங்காவிலிருந்து 1898-இல் வெளியே போன, மூவரியின் உறவினரான ஐவரி அணில்கள் அந்த ஊரிலேயே குடும்பம் பெருக்கி நிலைத்துவிட்டன. கடல் தாண்டியே கவலைப்படாத இனம், நாலு தெருவுக்கா கலங்கும்?

ஆய்வின் முடிவு இதுதான்: அணிலோடு போட்டி போட வேண்டியது மரத்தில் அல்ல, நாள்காட்டியில். சப்போட்டாவின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரியாவிட்டால் அன்றைக்கே பறித்து அரிசிப் பானையில் போடுங்கள், பழுத்துவிடும். கொய்யாவைப் பச்சை வெளுத்து மஞ்சளோடும்போதே எடுத்துவிடலாம். மாதுளை மட்டும் பறித்தபின் பழுக்காது. அதற்குக் காய் பருக்கும்போதே கம்பி வலையில் கூடு கட்டி மாட்டிவிடுங்கள். துணிப்பை வேண்டாம், அதைக் கிழித்துக் கூட்டுக்கு மெத்தை போட்டுக்கொள்ளும். கை எட்டாத உச்சிக்கிளையை அணிலுக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏணி போட்டு ஏறி விழுந்தால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாலு வருஷத்துக் கொய்யாவைக் கடையிலேயே வாங்கிவிடலாம்.