பிள்ளைக்குச் செடி வளர்ப்பு: செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஒரு கையேடு

செடி வளர்ப்பதைக் கற்றுக்கொடுக்கப் பொறுமை அவசியம். உங்களுக்கு அல்ல, பிள்ளைக்கு. நீங்களே எல்லாவற்றையும் செய்து முடிக்கும்வரை அது பக்கத்தில் சும்மா நிற்க வேண்டுமே.

1. இடம்: வெயிலும் மழையும் நேரே இறங்கும் வளவு வாசல் பக்கம் தொட்டியைக் கொண்டு போகாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லில் மண் பட்டால் யார் துடைப்பது? வெளிச்சம் எட்டாத உள்ளறையே உத்தமம்.

2. காலம்: ஆடிப்பட்டம், ஐப்பசி மழை எல்லாம் சம்சாரிகள் பார்ப்பது. மழையை நம்பி ஊர் ஊராக ஊரணி வெட்டிய சீமையில், நீங்கள் விதைக்க வேண்டியது அக்கினி நட்சத்திரத்தில். அப்போதுதானே பள்ளிக்கூடம் லீவு!

3. மண்: தெருவைத் தாண்டினால் செம்மண் கிடக்கிறது. சும்மா கிடைப்பதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பெட்டியில் வரும் தென்னைநார்த் தூளை வாங்குங்கள்.

4. விதை: அடுப்படியில் இருக்கும் வெந்தயத்தைத் தூவினால் சில நாளில் முளைத்துவிடும். அவ்வளவு சீக்கிரம் வெற்றி கிடைத்தால் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறும். குளிர் கேட்கும் ஸ்ட்ராபெரியே நம் காரைக்குடி வெயிலுக்குப் பொருத்தம்.

5. தண்ணீர்: பிள்ளை ஒரு செம்பு, அம்மா ஒரு செம்பு, "பாவம், வாடுதே" என்று ஐயா ஒரு செம்பு. வேருக்கும் காற்று வேண்டும் என்பதை அது அழுகியபின் விளக்கிக்கொள்ளலாம்.

6. தோண்டுதல்: விதையைத் தோண்டிப் பார்த்தால் கையைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் வருவது இலையல்ல, வேர் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

7. முளைக்காவிட்டால்: ராத்திரியோடு ராத்திரியாக நர்சரிச் செடி ஒன்றை வாங்கி நட்டுவிடுங்கள். விதை போட்ட நாலாம் நாள் பூத்த செடியைப் பார்த்துப் பிள்ளை சந்தேகப்பட்டால், போட்டோ எடுக்கச் சிரிக்கச் சொல்லுங்கள்.

8. எச்சரிக்கை: மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வரும். அப்போது முளைப்பாரி வளர்க்கும் வீட்டுப் பக்கம் பிள்ளையை விடவே கூடாது. சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தூவி, இருட்டறையில் வைத்திருப்பார்கள். "ஏன் அப்பத்தா இது பச்சையா இல்லாம மஞ்சளா இருக்கு?" என்று பிள்ளை கேட்கும். வெளிச்சம் இல்லாமல் பச்சையம் உண்டாகாது, வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு நெடுநெடுவென்று நீள்கிறது என்று யாராவது சொல்லித் தொலைப்பார்கள். அடுத்தாற்போல் அது ஒரு சட்டியை வெயிலிலும் ஒரு சட்டியை இருட்டிலும் வைத்துப் பார்க்கக் கிளம்பிவிடும். பைசாச் செலவில்லாத இந்தப் படிப்பு உள்ளே வந்தால், நீங்கள் பணம் கட்டிய கோடை வகுப்பு என்னாவது?

இத்தனைக்கும் மீறி, கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் பிள்ளை எறிந்த அவரை ஒன்று கொடியாகிக் காய்த்துத் தொலைக்கலாம். கலங்க வேண்டாம். முதல் காயைப் பறித்துக்கொண்டு, "எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது" என்று தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.