புரட்டாசியில் ஒரு சென்ட்

பாரிஸிலிருந்து வந்த மைத்துனன் சுண்டுவிரல் உயரக் குப்பி ஒன்றைக் கொடுத்தான். "எல்லாக் கடையிலயும் கிடைக்கிற சென்ட் இல்ல மாமா. கொஞ்சமாத்தான் செய்வாங்க. அதிமதுர வாசனை."

எனக்குத் தெரிந்த அதிமதுரம், இருமினால் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளப் பாட்டி தருகிற மஞ்சள் குச்சி. அதிலுள்ள கிளிசிரைசின் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிக்கும். ஆனால் மோந்து பார்த்தால் காய்ந்த மரத்தூள், அவ்வளவுதான். இதில் என்ன சென்ட்? இருந்தாலும் ஓசிச் சென்ட். கழுத்தில் இரண்டு சொட்டு, வலது மணிக்கட்டில் ஒன்று. அன்று புரட்டாசி மூன்றாம் சனி என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"எந்தக் கடை சார்?"

"பாரிஸ்."

"பாரிஸ் கார்னர்லயா? அங்க எந்த பிரியாணிக் கடை?"

சிரித்துக்கொண்டேன். வீட்டில் சிரிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி, "கையை நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். வலது கை.

"பில் கட்டுற இடத்துல தட்டுல வெச்சிருப்பானே, அந்தச் சோம்புதானே இது? புரட்டாசி சனிக்கிழமை அதுவுமா!"

ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். மேல்நாட்டில் அதிமதுர மிட்டாய்க்குப் பெரும்பாலும் சோம்பு வகை எண்ணெய் சேர்க்கிறார்கள். அதனால் அந்த ஊர் மூக்குக்கு அதிமதுரம் என்றாலே அந்த மணம்தான். அனெத்தோல் என்று பெயர். நம் சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் மணப்பது அதுவே. பெரிய கைகள்கூட இதைத் தொட்டிருக்கின்றன: சென்ட் வல்லுநர் ழான்-க்ளோத் எலேனா 2007-ல் ஹெர்மெஸ் நிறுவனத்துக்காக அதிமதுரத்தையும் லாவெண்டரையும் சேர்த்து ஒரு சென்ட் செய்தார். அவருக்குப் புரட்டாசி இல்லை, கொடுத்துவைத்தவர்.

மறுநாள் காலை ஆதாரத்தோடு போனேன். குப்பியைத் திறந்து காட்டினேன். கழுத்தை மோந்து பார்க்கச் சொன்னேன். சோம்பைக் கழுத்தில் யாராவது தேய்ப்பார்களா என்று கேட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப, பிரியாணி வாசனை தெரியக் கூடாதுன்னுதான் இதைப் பூசிட்டு வந்திருக்கீங்க."

குப்பி இப்போது அவள் பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில். சாவி ஐப்பசி ஒன்றாம் தேதிதான் கிடைக்குமாம்.