காது கொடுத்து வாங்கிய மூச்சு

எழுபதுகளில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், வீட்டில் யாருக்காவது ஊசி போட்டு முடிந்ததும் மிஞ்சுகிற அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை எறிய யாருக்குமே மனம் வராது. அலுமினிய வளையத்தை நெம்பி எடுத்து, ரப்பர் மூடியைக் கழற்றி, வெந்நீரில் அலசிக் கவிழ்த்துவைத்தால் அம்மாவுக்கு ஜவ்வாதுக்கு ஆயிற்று, பாட்டிக்கு மூக்குப்பொடிக்கு ஆயிற்று, மலையேறிவிட்டு வருகிற உறவுக்காரர்களுக்குப் பச்சைக் கற்பூரம் போட்டுக் கொடுக்கவும் ஆயிற்று. ரப்பர் மூடிகள் மட்டும் பிள்ளைகளுக்கு. அவற்றை நடுவில் துளைத்து, விளக்குமாற்றுக் குச்சியில் கோத்து, தீப்பெட்டி வண்டிகளுக்குச் சக்கரமாக்குவோம். திருப்பதியில் கோவிந்தராஜசாமி கோயிலை ஒட்டிய எங்கள் தெருவில் என்னிடம்தான் வண்டிகள் அதிகம், அந்தப் பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த பையனை இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது, ஏனென்றால் அத்தனை சக்கரங்களும் பெரியப்பாவின் இடுப்பில் நாள்தோறும் இறங்கிய ஸ்ட்ரெப்டோமைசின் குப்பிகளிலிருந்து வந்தவை.

பெரியப்பாவுக்குக் காந்தி ரோட்டில் பாத்திரக் கடை. பித்தளைக் குடமோ வெண்கல உருளியோ, எதை எடுத்தாலும் விலை சொல்வதற்கு முன் நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டி, எழுந்த நாதம் அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். கண்ணுக்குத் தப்பிய கீறலைக் காது சொல்லிவிடும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அவருக்கு மாலைக் காய்ச்சலும் இருமலும் வந்து, எக்ஸ்ரே எடுத்து, 'டி.பி.' என்கிற இரண்டு எழுத்தைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கியதும், அவருக்கென்று தனித் தட்டும் தனித் தம்ளரும் திண்ணை அறையும் ஒதுக்கப்பட்டன.

"அந்தக் காலமா இருந்தா ஆரோக்கியவரத்துக்கு அனுப்பியிருப்பாங்க" என்றாள் பாட்டி. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், 1912-இல் பல மிஷன்கள் சேர்ந்து தொடங்கி, டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் கட்டி வளர்த்த காசநோய் சானடோரியம் அது. மருந்தே இல்லாத அந்த ஆண்டுகளில் மேட்டுநிலக் காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை, நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க அதைச் சுற்றிக் காற்றை ஏற்றி அமுக்கிவைப்பது, சிலருக்கு விலா எலும்பையே வெட்டி எடுப்பது, இவைதான் வைத்தியம். பாட்டியின் தம்பி அங்கே போய்த் திரும்பவில்லை. அவர் அங்கிருந்து எழுதிய தபால் கார்டுகளைப் பாட்டி துணிப்பெட்டியின் அடியில் வைத்திருந்தாள்.

பெரியப்பா எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அதற்குக் காரணமான ஊர் எங்களுக்கு ஒரு ரயில் தூரத்தில்தான் இருந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் மருந்தாய்வு மையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நெருக்கமான ஏழை வீடுகளில் தங்கி மாத்திரை சாப்பிட்டவர்களையும் சானடோரியக் கட்டிலில் படுத்து அதே மாத்திரையைச் சாப்பிட்டவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசமில்லை, வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவுமில்லை என்று 1959-இல் வெளிவந்த முடிவு உலகத்தையே சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. அந்த முடிவின் பலனாகத்தான் பெரியப்பா எங்கள் திண்ணை அறையில் படுத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களை விசாரித்துக்கொண்டு, ஒன்றரை வருட மாத்திரையையும் முதல் மாதங்களுக்கான தினசரி ஊசியையும் ஏற்றுக்கொண்டார்.

அந்த ஊசிக்கு ஒரு சடங்கு உண்டு. காலையில் சைக்கிள் மணி கேட்டதும் அம்மா தண்ணீரைச் சுடவைத்துவிடுவாள். காம்பவுண்டர் வந்து, கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொதிக்கவைத்து, சின்ன அரத்தால் காய்ச்சி வடித்த நீர் ஆம்பூலின் கழுத்தைக் கீறி 'டக்'கென்று ஒடித்து, அந்த நீரைக் குப்பியிலிருந்த வெள்ளைப் பொடியில் ஏற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டுவார். ஸ்பிரிட் வாசனை திண்ணையெல்லாம் பரவும். அந்த உருட்டலின் நேரத்தில்தான் கேள்விகள் வரும், ஒருநாளும் தவறாமல்: "ராத்திரி காதுல இரைச்சல் இருக்கா சாமி? நடந்தா தள்ளுதா? உதட்டைச் சுத்தி மரத்துப்போகுதா?"

இல்லை என்றே பெரியப்பா தினமும் சொன்னார். இரைச்சல் எப்போதோ தொடங்கியிருந்தது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், ஊசி நின்றால் உயிர் நின்றுவிடும் என்று அவர் பெரியம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஒருநாள் முற்றத்தில் அவர் நடந்துவந்த நடையைப் பார்த்த காம்பவுண்டர், "காலைச் சேத்துவச்சு கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க சாமி" என்றார். மூடிய மறுகணம் பெரியப்பா சாய்ந்து தூணைப் பிடித்துக்கொண்டார். காம்பவுண்டர் அன்று ஊசி போடவில்லை. கரைத்த மருந்தை அப்படியே வைத்துவிட்டு, அவரைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப்போனார். ஊசி அன்றோடு நின்றது, மாத்திரைகள் தொடர்ந்தன, நோய் தீர்ந்தது.

போனது என்ன என்பது பிறகுதான் கொஞ்சங்கொஞ்சமாகத் தெரிந்தது. பேச்சு கேட்டது, உச்சஸ்தாயி ஒலிகள் கேட்கவில்லை. வெண்கலத்தைச் சுண்டினால் தட்டிய சத்தம் காதில் விழும், அதற்குப் பின்னால் இழையாக நீளுகிற நாதம் விழாது. அதனால் சுண்டிவிட்டு, விரல் நுனியைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கப் பழகினார். விடியற்காலை இருட்டில் அலிபிரியிலிருந்து 3,550 படியும் ஏறி மலைக்குப் போவது அவருடைய சனிக்கிழமை வழக்கம், அதுவும் போயிற்று. பகலில் நேராக நடக்கிற மனிதர் வெளிச்சம் போனால் தள்ளாடினார், புதிதாகப் பார்க்கிறவர்கள் அவர் குடித்திருப்பதாக நினைத்து ஒதுங்கினார்கள். பிறகு வெயிலில்தான் மலையேறினார், வழியிலுள்ள காலிகோபுரம் வரும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு.

உள்காதில், ஒலிக்கு நத்தை ஓடு போன்ற ஒரு சுருளும் சமநிலைக்கு அரைவட்டக் குழாய்களும் இருக்கின்றன; இரண்டிலும் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள். ஸ்ட்ரெப்டோமைசின் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. அந்த வழி தாமதமானாலோ, அளவு கூடினாலோ, நாள் நீண்டாலோ உள்காதின் நீரில் தங்கி அந்தச் செல்களைக் கொல்கிறது. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. ஒலிச் சுருளில் பெரும்பாலும் முதலில் சாகிறவை உச்ச ஒலிகளை வாங்குகிற செல்கள். சமநிலை கெட்டால் பகலில் கண் அந்த வேலையை எடுத்துச் செய்துவிடும், இருட்டில் கண்ணும் கைவிடும். பெரியப்பாவின் சனிக்கிழமைகள் போன விதம் இதுதான்.

இதெல்லாம் அன்றைக்குத் தெரியாததல்ல. 1943-இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணுயிரி ஒன்றிலிருந்து எடுத்த மருந்து இது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் ஆண்டுகளிலேயே மேயோ கிளினிக்கின் ஹின்ஷாவும் ஃபெல்ட்மனும் நோயாளிகள் தள்ளாடுவதைக் கவனித்துவிட்டார்கள். 1948-இல் பிரிட்டனில் வெளியான புகழ்பெற்ற சோதனையில், ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். மருந்து பெற்றவர்களில் பலருக்குத் தலைச்சுற்றல் வந்ததும் அதே அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. தள்ளாட்டத்தைக் குறைக்கலாம் என்று மருந்தைச் சற்று மாற்றி டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் கொண்டுவந்தார்கள். அது சமநிலையை விட்டுவிட்டுக் கேட்கும் திறனைப் பறித்தது. ஆக, எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் குப்பியின் குணம் உலகத்துக்குக் கால் நூற்றாண்டாகத் தெரியும். பெரியப்பாவிடம்தான் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் ஊசிக்குச் சம்மதித்திருப்பார் என்று நம்புகிறேன், அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற மூன்று பிள்ளைகள். ஆனால் இரைச்சலை மறைத்திருக்க மாட்டார்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகனுக்கு அதே நோய் வந்தது. சளியைக் கொடுத்து சில மணி நேரத்திலேயே மரபணுச் சோதனை கிருமியையும், ரிஃபாம்பிசின் என்கிற மருந்தை அது எதிர்க்குமா என்பதையும் சொல்லிவிட்டது. உடல் எடைக்கு ஏற்ப, நான்கு மருந்தும் ஒன்றாக அடங்கிய மாத்திரைகளில் தொடங்கி ஆறே மாதம், ஊசி கிடையாது, தனித் தம்ளர் கிடையாது, அரசாங்கம் சத்துணவுக்கென்று மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணமும் போட்டது. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குள்ளிருந்து ஒரு தொலைபேசி எண் தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மருந்து சாப்பிட்டதாகப் பதிவாகிவிடும் என்று அவன் சிரித்துக்கொண்டே காட்டியபோது, சைக்கிள் மணி இருந்த இடத்தில் மிஸ்டு கால் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். அந்த மாத்திரைகளில் ஒன்றான எத்தாம்புட்டால் சிலருக்குப் பார்வையைக் கெடுக்கும், முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும். மற்ற மூன்றும் கல்லீரலைச் சோதிக்கும். இதையெல்லாம் யாராவது உன்னிடம் கேட்டார்களா என்றேன். மருந்து சாப்பிட்டானா என்று பலர் கேட்டிருந்தார்கள், மருந்து அவனை என்ன செய்தது என்று கேட்டவர்கள் குறைவு.

இந்தக் குறைக்கு விலை கொடுத்தவர்கள் என் பெரியப்பா தலைமுறையோடு முடிந்துவிடவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினின் உறவுக்கார மருந்தான கனமைசின், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மாதக்கணக்கில் ஊசியாகப் போடப்பட்டது. மும்பையில் பரதநாட்டியம் ஆடிய நந்திதா வெங்கடேசன் 2013-இல் அந்த ஊசிக் காலத்தில் கேட்கும் திறனை இழந்தார். தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவுக்கும் அதே ஊசி, அதே இழப்பு. இருவரும் சேர்ந்து, ஊசிக்கு மாற்றான பெடாகுவிலின் மாத்திரைக்கு இந்தியாவில் காப்புரிமையை நீட்டக் கூடாது என்று மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த நீட்டிப்பை மறுத்தது. அதற்குள் உலக சுகாதார நிறுவனமும் கனமைசினைக் கைவிடச் சொல்லி, மாத்திரைகள் மட்டுமே கொண்ட சிகிச்சைக்கு மாறியிருந்தது. தங்கள் காது திரும்பாது என்று தெரிந்தே அடுத்தவர் காதுக்காக வழக்காடிய அந்த இரண்டு பெண்களையும் நான் கைகூப்பி வணங்குகிறேன்.

ஸ்ட்ரெப்டோமைசினை நான் வெறுத்ததில்லை. பெரியப்பா அதன் புண்ணியத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்துவைத்து, கடைசிவரை கடையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மிஞ்சிய கேட்கும் திறன், கரைத்த மருந்தைக் கீழே வைக்கத் துணிந்த ஒரு காம்பவுண்டர் மிச்சம்பிடித்துக் கொடுத்தது. குப்பிகள் போகட்டும், கொதிக்கும் சிரிஞ்சும் போகட்டும், அந்த மூன்று கேள்விகள் போகக் கூடாது. புதிய மருந்துகளுக்கும் அதனதன் குணம் உண்டு: பெடாகுவிலின் இதயத் துடிப்பின் லயத்தை மாற்றக்கூடும், லினிசோலிட் கால் நரம்பையும் கண் நரம்பையும் தாக்கக்கூடும். உங்கள் வீட்டில் ஒருவர் காசநோய் மருந்து சாப்பிடுகிறார் என்றால், சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்தாதீர்கள். பார்வை மங்குகிறதா, பாதம் எரிகிறதா, கண் மஞ்சளா, நெஞ்சு படபடக்கிறதா என்று தினமும் கேளுங்கள், ஆம் என்றால் மருந்தைத் தானாக நிறுத்தவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போங்கள்.