பழைய கம்ப்ரசரும் பத்து அளவைகளும்: நிலக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

காற்றைப் பற்றி உலகம் நிறையவே ஆராய்ந்திருக்கிறது. 1650 வாக்கில் ஆட்டோ வான் கெரிக் என்ற ஜெர்மானியர் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பைச் செய்தார். அழுத்தம் கூடினால் காற்றின் கன அளவு குறையும் என்ற விதியை 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்டார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மூவரும் பேரறிஞர்கள்தாம். ஆனால், ஓட்டிப் பார்க்க வழியில்லாத ஒரு பழைய கம்ப்ரசர் தகரக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்க, பக்கத்தில் நிற்பவர் “கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்கண்ணே” என்று சொல்லும்போது என்ன செய்வது என்பதற்கு மூவரிடமும் விடை இல்லை. இவ்விடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களமும் எல்லையும்

களம்: திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையும் சுற்றியுள்ள சிலுக்குவார்பட்டி, விளாம்பட்டி, அணைப்பட்டி முதலிய ஊர்களும். நிலக்கோட்டையை வெளியூர்க்காரர்கள் பூச்சந்தையால் அறிவார்கள். அந்த மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் பின்னால் போர்வெல்லும், பல தோட்டங்களில் அந்தப் போருக்குப் பின்னால் ஒரு கம்ப்ரசரும் உண்டு என்பது சந்தைக்கு வரும் பூவைப் பார்த்தால் தெரியாது.

இவ்வட்டாரத்துக் கம்ப்ரசர்கள் இரு சாதி. முதலாவது கடைச் சாதி: பஞ்சர் கடை, வாட்டர் சர்வீஸ், பெயின்ட் அடிக்கும் பட்டறை ஆகிய இடங்களில் வாழ்வது, தொட்டி பெரியது. இரண்டாவது தோட்டச் சாதி: போரிலிருந்து தண்ணீர் எடுப்பது. ஊற்று நன்றாக இருந்தால் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குவார்கள். ஊற்று சன்னமாகிவிட்டால் கம்ப்ரசர் போடுவார்கள். போருக்குள் மெல்லிய குழாய் வழியே காற்றைச் செலுத்தினால் குமிழியோடு கலந்த நீர் எடை குறைந்து தானாக மேலே வரும். 1797-இல் லோஷர் என்ற ஜெர்மானியர் விவரித்த முறை இது. போருக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் மணல் வந்தாலும் கெடாது, தண்ணீர் தீர்ந்தாலும் எரியாது, வெறுங்காற்றை ஊதிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை மட்டும் அளவின்றித் தின்னும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990 முதல் இலவசம் என்பதால் இக்குறை ஆய்வாளர்களின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது.

முன்னோர் கூற்றும் அதற்கு ஒரு திருத்தமும்

இத்துறையின் மூலநூல் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரை. பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவான விலையைக் கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் விலகுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது கெட்டது மட்டும். மூன்று ஆய்விதழ்கள் இக்கட்டுரையைத் திருப்பி அனுப்பின; 2001-இல் இதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இக்கோட்பாடு கடைச் சாதிக்கு அப்படியே பொருந்தும். ஓடுகிற கம்ப்ரசரைப் பஞ்சர் கடைக்காரர் விற்பது, ஓடுகிற டவுன் பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கிப் போவதற்குச் சமம். தோட்டச் சாதிக்கோ இது பொருந்தாது. அங்கே கம்ப்ரசர் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் கம்ப்ரசர் செத்ததால் அல்ல, போர் செத்ததால். ஆயிரம் அடிக்குப் போயும் புகை மட்டும் வந்தால், ஊதுவதற்குத் தண்ணீர் இல்லாத எந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே வறண்ட ஆண்டில் விற்பனைக்கு வரும் கம்ப்ரசரை ஓரளவு நம்பலாம். கண்மாய் நிறைந்து கிணறு பொங்கும் ஆண்டில் ஒருவர் கம்ப்ரசரை விற்றால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். வாங்கப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது எந்திரத்தை அல்ல, போரை.

அளவைகளைப் பொருத்திப் பார்த்தல்

மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதியைச் சந்திக்கும்போது, உண்மையை அறியப் பத்து அளவைகள் உண்டென்று அவன் சொல்கிறான். அவற்றை இதுவரை யாரும் கம்ப்ரசர்மீது பயன்படுத்தாதது தமிழாய்வுலகின் குறை.

காட்சி: கண்டறிவது. புது பெயின்டைக் கண்டு மகிழ்வது காட்சி அல்ல. பெல்ட் கார்டு உட்பட எல்லாம் ஒரே நீலத்தில் பளபளத்தால் நேற்று அடித்தது என்று பொருள். பார்க்க வேண்டியது ஆயில் கண்ணாடி. ஆயில் கருத்திருந்தால் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

கருதல்: புகையைக் கண்டு நெருப்பை உணர்வது. கரண்ட் இல்லாவிட்டாலும் பிளைவீலைக் கையால் சுற்றலாம். பிஸ்டன் மேலேறும்போது கை திணற வேண்டும். ராட்டினம்போல் லேசாகச் சுற்றினால் ரிங்கோ வால்வோ போய்விட்டது. மோட்டார் பெட்டியை முகர்ந்து பார்த்துக் கருகல் வாடை வந்தால் காயில் கட்டும் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும்.

அருத்தாபத்தி: ஆயர் குடியிருப்பு கங்கையில் உள்ளது என்றால் ஆற்றுக்குள் அல்ல, கரையில் என்று கொள்வது. “ஆறு மாசமாச் சும்மாதாண்ணே கிடக்கு” என்று விற்பவர் சொன்னால், தொட்டிக்குள் ஆறு மாதத் தண்ணீரும் கிடக்கிறது என்று கொள்க. அழுத்திய காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து அடியில் தேங்கும். அதற்காகத்தான் கீழே ஒரு வடிகால் திருகு வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் தெளிந்த தண்ணீர் வருவது உத்தமம், டீ நிறத்தில் வருவது மத்திமம், துருச் செதில் வருவது அதமம். திருகே திறக்க வராவிட்டால் அது ஒருமுறையும் திறக்கப்படவில்லை. மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை.

அபாவம்: இல்லாமையை அறிவது. தொட்டியில் தயாரித்த ஆண்டும் சோதனை அழுத்தமும் பொறித்த தகடு இல்லை. சேஃப்டி வால்வு இருந்த இடத்தில் ஒரு மூடி. இரண்டும் அபாவத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள்.

ஐதிகம்: இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை ஏற்பது. “இது கோயம்புத்தூர் அயிட்டம், சாகாது” என்பது இவ்வகை. கோவையில் எல்ஜி நிறுவனம் 1960-இல் தொடங்கியதிலிருந்து அந்த ஊருக்குக் கம்ப்ரசரில் நல்ல பெயர் உண்டு என்பது உண்மையே. ஆனால் தொட்டி துருப்பிடிக்குமுன் தன் பிறந்த ஊரை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகமம்: பெரியோர் வாக்கு. இங்கே பெரியோர் என்பவர் புரோக்கர். அவர் வாக்கு மாறாதது. எல்லாக் கம்ப்ரசருக்கும் ஒன்றே.

மீட்சி: இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று அறிவது. போர் தோற்றது என்று அறிந்தால் கம்ப்ரசர் தோற்கவில்லை என்று கொள்ளலாம் என்பதை முன்பே நிறுவினோம்.

எஞ்சிய மூன்று அளவைகளும் ஆய்வாளரின் பொறுமை கருதி விடப்படுகின்றன.

ஓட்டிப் பார்த்தல்

“இப்ப மூணு பேஸ் வராதுண்ணே” என்பது இத்துறையில் பெருவழக்கு. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும் என்பதே அதன் வலிமை. மூன்று பேஸ் வரும் நேரத்தைக் கேட்டு அப்போது வருவதாகச் சொல்க. விற்பவர் முகம் மாறினால் ஆய்வு முடிந்தது.

ஓடினால் கைக்கடிகாரம் போதும். 200 லிட்டர் தொட்டி காலியாக இருந்து 8 பார், அதாவது சுமார் 116 பவுண்டு ஏறுவதற்கு 1,600 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். 4 நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 400 லிட்டர். சிஎஃப்எம் கணக்கில் 14. தகட்டில் 20 என்று இருந்தாலும் சண்டைக்குப் போக வேண்டாம்: தகட்டில் இருப்பது பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் அளவு, வெளியே கிடைக்கும் காற்று எப்போதும் அதைவிடக் குறைவு. 8 நிமிடம் ஆனால் கணக்கு 7-க்கு இறங்கும். விலையும் அப்படியே இறங்க வேண்டும். நிறுத்திய பிறகும் பிரஷர் சுவிட்ச் அருகே உஸ்ஸென்று சத்தம் தொடர்ந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு கசிகிறது. அது சின்னச் செலவு. பேரம் பேசப் பெரிய உதவி.

ரிங், வால்வு, பெல்ட், காயில் எல்லாமே காசால் தீரும் நோய்கள். தொட்டி அப்படி அல்ல. 45 செ.மீ. விட்டமுள்ள தொட்டியின் ஒவ்வொரு முனைத் தகட்டையும் 8 பார் காற்று ஏறத்தாழ 13 டன் விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. துரு உள்ளிருந்து தின்பதால் வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். சந்தேகம் வந்தால் தொட்டியில் தண்ணீரை நிரப்பி வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பதே முறை. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்குவதில்லை. தகடு கிழிந்தாலும் தண்ணீர் ஒழுகும், வெடிக்காது. அச்சோதனையைக் காற்றால் செய்து பார்ப்பவர் முடிவை எழுதிவைக்க இருக்கமாட்டார்.

முடிவுரை

ஓட்டிக் காட்டினால், கடிகாரம் சொல்லும் விலை. ஓட்டிக் காட்டாவிட்டால் பழைய இரும்பு விலை, அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். ஓடினால் அது உங்கள் யோகம். வடிகாலில் துருச் செதில் வந்தால், தொட்டியில் ஒட்டு வெல்டிங் தெரிந்தால், சேஃப்டி வால்வு இருந்த இடத்தில் மூடி இருந்தால், மாமனார் சீதனமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தலைப்பகுதியும் மோட்டாரும் நன்றாக இருந்தால் அவற்றை மட்டும் கழற்றி விலை பேசுங்கள். தொட்டி கிலோக் கணக்கில் இரும்புக் கடைக்குப் போகட்டும்.