சவுண்டு சார்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் எந்த பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்தாலும் மெஷின் இரைச்சலுக்கு மேலே ஒரு மனிதக் குரல் கேட்கும். அவர்தான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அடையாள அட்டையில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கும். ஆட்கள் வைத்த பெயர் சவுண்டு சார். வீடு அயனம்பாக்கத்தில், ஏரிப் பக்கம், அரை கிரவுண்டில். காலையில் அத்திப்பட்டு வழியாக டூவீலரில் வரும்போதே ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசிக்கொண்டு வருவார். போன் இல்லாமலே மறுமுனைக்குக் கேட்டிருக்கும் என்பது வழியில் இருப்பவர்களின் கருத்து.

சாரின் மொழிக்கொள்கை எளிமையானது. ஒருமுறை சொல்லிப் புரியாவிட்டால் அதையே இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் புரியாவிட்டால் ‘பாய்’ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“ஏ பாய், இதர் வா! ஏ டை கழட்டு, ஓ டை மாட்டு! சம்ஜா? இன்னா சம்ஜா?”

இது பரம்பரைச் சொத்து. 1964இல் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவர் சாரின் அப்பா. அவரை வேலை வாங்கிய ஃபோர்மேன் மலையாளி. அவர் மலையாளத்தில் கத்தக் கத்த, அப்பாவுக்கு அந்த மொழியில் வசவுகள் மட்டும் சரளமாகிவிட்டன. மகன் இன்று அதையே இந்தியில் செய்கிறார்.

விந்திய மலைக்கு அப்பால் ஒரே ஊர், ஒரே மொழி என்பது சாரின் பூகோளம். ஒடிசா, பீகார், அஸ்ஸாம், வங்காளம் எல்லாம் அவருக்கு ‘பாய்’தான். ஒண்ணாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்பவர் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்துக்காரர். தாய்மொழி ஒடியா. இந்தி கற்றது சூரத்தின் விசைத்தறிகளில். சார் கற்றது ஆவடி மின்சார ரயிலில், பக்கத்து சீட் ஜவான்களிடம். இருவருக்கும் சொந்தமில்லாத மொழியில், இருவரும் ஆளுக்கொரு விதமாகத் தப்புச் செய்து, தினம் எட்டு மணி நேரம் உற்பத்தி நடக்கிறது.

இதற்குள் கஞ்சாம்காரர் டீக்கடையில் நின்றே தமிழ் பழகிவிட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல், “சார், தமிழ்லயே சொல்லுங்க சார். உங்க இந்திதான் புரியல” என்றார்.

சார் மகிழ்ந்துபோய், “அச்சா, அச்சா!” என்றார்.

இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். காலைக் கூட்டத்தை சார் “தம்பிங்களா!” என்றுதான் தொடங்குவார். முடிக்கும்போது நினைவு வந்தால் “அம்மாங்களுக்கும் அதேதான்” என்பார். ஓவர்டைம் சேதியைச் சொல்லும் இடம் கேட்டுக்கு வெளியே டீக்கடை. அங்கே பெண்கள் வருவதில்லை. மாலையில் வேன் கிளம்பும் நேரத்துக்குத்தான் அவர்களுக்கு ஓவர்டைம் என்று தெரியும். ஆண்களுக்குச் சொன்னாலும் சேதாரம் உண்டு. “நாளைக்கு எட்டு மணிக்கு ஓ.டி.!” என்று சார் முழங்க, புதிதாக வந்த அஸ்ஸாம் பையன் மறுநாள் எட்டு மணிக்குச் சரியாக அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான்.

சாரைத் திருத்த மேலிடம் முயலாமல் இல்லை. பன்முகத்தன்மையுள்ள பணியிடத்தில் அனைவரையும் அரவணைத்துப் பேசுவது எப்படி என்று ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். ஸ்லைடுகள் முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் தெரிந்த நாலு பேரை அது நன்றாக அரவணைத்தது. கேள்வி நேரத்தில் சார் மட்டும் எழுந்தார். “மேடம், இத்தினி சின்ன ரூமுக்கு மைக்கு எதுக்கு?”

சட்டமும் முயன்றுதான் பார்த்தது. தொழிற்சாலையில் ஒட்டும் நோட்டீஸ் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்தப் பெரும்பாலானோரில் சேராதவர் நோட்டீசின் முன்னால் நின்று ஆணியை வேடிக்கை பார்க்கலாம்.

வதந்திக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பியபோது, அவை கேட்பவருக்குப் புரியும் மொழியிலேயே செல்போனில் வந்து இறங்கின. அரசும் போலீசும் மறுத்தன. பிரஸ் ஷாப்பில் மறுக்கும் பொறுப்பு சாருக்கு. பயப்படாதே என்று சொல்ல ‘மத் டரோ’ என்றிருக்க வேண்டும். பதற்றத்தில் ‘மத்’ விட்டுப்போனது. “டரோ பாய், டரோ! நான் இருக்கேன்ல? டரோ!” என்று ஷெட் அதிர முழங்கினார். பயப்படு என்று சூப்பர்வைசரே உத்தரவு போட்டபின் என்ன செய்வது? இரண்டு பேர் பையைத் தூக்கிவிட்டார்கள். கஞ்சாம்காரர்தான் கேட் வரை ஓடி விளக்கிச் சொல்லி அழைத்து வந்தார்.

இத்தனைக்கும் சாருக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேக்கிங்கில் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. அவரிடம் சவுண்டு செல்லாது. எனவே சார் அவருக்கு எதிரே போய் நிற்பார். முகத்தைப் பார்ப்பார். பெட்டியைத் தானே ஒருமுறை அடுக்கிக் காட்டுவார். பிறகு அவரை அடுக்கச் சொல்லிப் பொறுமையாகப் பார்ப்பார். சரியாக வந்தால் கட்டைவிரலைத் தூக்குவார். பேக்கிங்கிலிருந்து தப்பாகப் போன பெட்டி என்று ஒரு புகார்கூட வந்ததில்லை. அதே ஐந்து நிமிடம் பிரஸ்ஸில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. காரணம், பாவம், அவருக்குக் காது கேட்கிறது.

சிரிப்பு இந்த இடத்தோடு சரி. பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தகட்டை அழுத்தும் மேல்பாகமான ராம் இறங்கும். ஏன் அப்படி என்று புரியாதவர், வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு பட்டனைக் கட்டிவைத்து ஓட்டுவார். அன்றைக்குப் போவது விரல். கேட்டுத் தலையாட்டினார் என்பது அப்போது யாருக்கும் உதவாது.

ஆகவே ஊரெங்கும் உள்ள சவுண்டு சார்களுக்கு ஒரு விண்ணப்பம். சொன்னதை ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். எந்த மொழிக்காரருக்கும் இது பொருந்தும். தமிழ் தெரிந்தவரிடம் தமிழில் பேசுங்கள். அப்படியே இன்ஸ்பெக்‌ஷன் மேசைப் பக்கம் ஒரு நடை போய், இன்றைக்கு ஓவர்டைம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுங்கள். வேன் டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.