குத்தகைக் குதிரையும் தொடர்கல்வியும்: மாட்டுங்கா, தாராவி, செம்பூர் வட்டாரங்களை முன்வைத்து

குதிரையேற்றம் பயிலும் ஒருவர், குதிரை ஒன்றை லீஸுக்கு எடுத்துக்கொண்ட பிறகும் வகுப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சங்க இலக்கியத்தில் புரவி, அய்யனார் கோயில் மண்குதிரை, நாயக்கர் மண்டபத்துக் குதிரைத் தூண் என்று கட்டுரைகளுக்குக் குறைவில்லை. உயிருள்ள குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தமிழரின் மாதச் செலவைப் பற்றி எழுதினாரைத்தான் காணோம். அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. நிரப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது ஆய்வுக்குத் தடையாக என்றைக்கும் இருந்ததில்லை.

மும்பைத் தமிழருக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். அதை முதலில் முடித்துவிடலாம். தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். அச்சீமையின் பழைய துறைமுகம் காயல். ஹோர்மூஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே கரை தொட்டதை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். ஆகவே 90 அடி ரோட்டு டீக்கடையில் நிற்பவரின் ஊருக்கு அரபுக் குதிரை ஒன்றும் புதிதல்ல. தவிர, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாராவியில் தோல் பதனிட்டவர்களில் தமிழர் கணிசம். சேணம் கான்பூரிலிருந்து வரட்டும். அங்கவடி வார் அறுந்தால் தைத்துக் கொடுக்கத் தாராவியில் கடை இருக்கிறது.

மாட்டுங்காவின் பங்கு வேறு வகை. மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானம் 1883இல் வந்தது. அங்கே சவாரி சொல்லிக்கொடுக்கும் அமெச்சூர் ரைடர்ஸ் கிளப் 1942இல் பிறந்தது. மாட்டுங்காவில் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் பிறந்ததும் அதே 1942. இந்த ஒற்றுமையால் எதுவும் நிரூபணமாகவில்லை; ஆனாலும் கண்ணில் பட்ட ஒற்றுமையைக் குறிக்காமல் போவது ஆய்வாளனுக்கு அழகல்ல. மாட்டுங்கா ரோடில் ஸ்லோ வண்டி ஏறினால் தாதர், பிரபாதேவி, லோயர் பரேல், அடுத்தது மகாலட்சுமி. செம்பூர்க்காரருக்கு 2019 மார்ச்சில் மோனோ ரயில் மகாலட்சுமிக்குப் பக்கத்திலுள்ள ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டபோது நல்ல காலம் பிறந்தது. சீர்படுத்துகிறோம் என்று அதை 2025 செப்டம்பரில் நிறுத்தி வைத்தார்கள். அறிவித்துவிட்டு நின்ற வகையில் மோனோ ரயில் குதிரையைவிட மேல்.

இனி, லீஸ் என்பது யாது? உரிமை கைமாறாமல், மாதந்தோறும் தொகை கொடுத்து, ஏறும் பாத்தியதையை மட்டும் பெறுவது. முழு லீஸ் என்றால் எல்லா நாளும் குதிரை உங்களுடையது. தீவனம், லாடம், வைத்தியச் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில். பந்தய இனக் குதிரை ஒன்று 450, 500 கிலோ இருக்கும். நாளைக்குப் பத்துக் கிலோ அளவுக்கு உலர் தீவனம், முப்பது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஆறு வாரத்துக்கு ஒருமுறை போல லாடம். அரை லீஸ் என்றால் வாரத்தில் மூன்று நாள் நீங்கள், மற்ற நாள் இன்னொருவர். தஞ்சாவூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்: முன்னது குத்தகை, பின்னது வாரம். தெற்கத்தி ஊர்களில் ஆட்டை வாரத்துக்கு விட்டு, ஈன்ற குட்டியில் பாதி வாங்குவார்கள். அரை லீஸில் குட்டி கிடைக்காது, மற்றபடி அதே ஏற்பாடுதான். மும்பையில் வீட்டுக்குப் பகடி முறை உண்டு, குடியிருப்பவரே பாதி முதலாளி போல நடந்துகொள்ளலாம். குதிரையிடம் பகடி செல்லாது. வீடு குடியிருப்பவரைக் கீழே தள்ளுவதில்லை. மழைக்காலத்தில் சில பழைய கட்டடங்கள் இவ்விதிக்கு விலக்கு.

குதிரை நிற்கும் நிலமே லீஸ் நிலம் என்பதையும் கவனிக்க வேண்டும். மகாலட்சுமி மைதானத்துக்கான 99 ஆண்டு லீஸ் 1914இல் தொடங்கி 2013இல் முடிந்தது. பதினோரு ஆண்டு இழுபறிக்குப் பின், 2024இல் 211 ஏக்கரில் 120 ஏக்கர் பூங்காவுக்கென மாநகராட்சிக்கும், மிச்சம் 91 ஏக்கர் 2053 வரை பந்தயம் நடத்தும் டர்ஃப் கிளப்புக்கும் என்று பிரித்தார்கள். அதே 2024 செப்டம்பரில் சென்னை கிண்டி ரேஸ் கிளப்பின் லீஸைத் தமிழக அரசு ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. நகரத்தின் நடுவே நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கே லீஸ் நிலைக்கவில்லை. ஒரு குதிரையின் லீஸை நம்பி வாத்தியாரை நிறுத்துகிறவரின் துணிச்சலைத் தனியாக ஆராய வேண்டும்.

எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம். மாட்டுங்கா மாமாக்களின் தரப்பு இது: “அதான் லீஸுக்கு எடுத்துண்டாச்சோல்லியோ, இன்னும் எதுக்கு வாத்தியாருக்குத் தண்டம் அழணும்? தானே ஏறி ஓட்டிண்டா ஆச்சு.” தாராவி அண்ணாச்சிகளின் தரப்பு இன்னும் கறார்: “ஏலே மக்கா, லைசன்ஸ் வாங்குன பொறவும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போவியால?” செம்பூர்த் தரப்பு இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, சேடா நகர் முருகன் கோயிலில் மயில் வாகனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், மயிலுக்கு லீஸும் இல்லை, கொள்ளும் இல்லை.

மாமாவின் வாதத்தை மாமாவைக் கொண்டே மறுக்கலாம். அரங்கேற்றம் முடிந்து வருஷக்கணக்கான பின்னும் பெண்ணின் பாட்டு வாத்தியாருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறவர் அவரேதான். சொந்தத் தம்புரா வந்த மறுநாள் யாரும் வாத்தியாரை நிறுத்துவதில்லை. இங்கேதான் ஆய்வின் மையப் புள்ளி ஒளிந்திருக்கிறது. தம்புரா மீட்டுகிறவரின் பிழையைக் கற்றுக்கொள்ளாது. ஆட்டோவும் கற்றுக்கொள்ளாது, அண்ணாச்சி. குதிரை கற்றுக்கொள்ளும்.

இதற்குச் சான்று பெர்லினில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவர் ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்ட கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்துப் பார்த்தார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. விடை வரும் தட்டில் கேட்பவரின் தலையும் முகமும் தம்மையறியாமல் துளி அசைவதைப் பார்த்து அது நிறுத்திக்கொண்டது. எதிரே நிற்பவரின் புருவ அசைவைப் படிக்கும் பிராணி, முதுகில் உட்கார்ந்திருக்கும் எழுபது கிலோவைப் படிக்காமல் விடுமா?

குதிரைப் பயிற்சியின் அடிப்படை, அழுத்துவதில் இல்லை, அழுத்தத்தை விடுவதில் இருக்கிறது. காலால் அழுத்துகிறோம், குதிரை நகர்கிறது, காலைத் தளர்த்துகிறோம்: ‘நகர்ந்தால் விடுவார்’ என்று அது மனதில் குறித்துக்கொள்கிறது. மாறாக, அழுத்துகிறோம், அது காதைப் பின்னுக்கு மடித்து முரண்டு பிடிக்கிறது, பயந்துபோய்க் காலைத் தளர்த்துகிறோம். இப்போதும் ஒரு பாடம் நடந்துவிட்டது: ‘முரண்டு பிடித்தால் விடுவார்.’ ஆக, வாத்தியாரை நிறுத்தினாலும் வகுப்பு நிற்பதில்லை. மாணவர்தான் மாறிவிடுகிறார். பணம் கட்டுபவர் நீங்கள், படிப்பது குதிரை, பாடத்திட்டம் உங்கள் பிழைகள்.

களத்தில் இது எப்படித் தெரியும்? மைதானத்தில் டிராட் என்னும் துள்ளோட்டத்தில் போகும்போது, ஒவ்வொரு இரண்டாவது தட்டுக்கும் சேணத்திலிருந்து எழுந்து உட்கார வேண்டும். எந்த முன்கால் நீளும்போது எழுகிறோம் என்பதில் கணக்கு இருக்கிறது. சுற்றின் திசை மாறினால் ஒரு தட்டு கூடுதலாக உட்கார்ந்து காலை மாற்றிக்கொள்ள வேண்டும். தனியே ஏறுகிறவர் தமக்குச் சுகமான காலிலேயே எழுந்துகொண்டிருப்பார். மாதக்கணக்கில் இப்படிப் போனால் குதிரையின் முதுகு ஒரு பக்கம் கெட்டிப்பட்டு, ஒரு திசையில் மட்டும் ஒழுங்காகத் திரும்பும். அடுத்தது வாசல் பக்கம். எந்த மைதானத்திலும் குதிரைக்கு லாயத்துக்குப் போகும் வாசல் எதுவென்று தெரியும். அந்த மூலை வரும்போது ஒரு சாண் உள்ளே சாயும். மறுநாள் இரண்டு சாண். ஒருநாள் வட்டம் முடியாமலே வாசலில் போய் நின்றுவிடும்; மேலே இருப்பவர், தாமே நிறுத்தியதாக நினைத்துக் கழுத்தைத் தட்டிக்கொடுப்பார்.

மும்பையில் சவாரிக்குக் கிடைக்கும் குதிரைகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றவை நிறைய. அவற்றின் இலக்கணமே வேறு. கடிவாளத்தை இழுத்தால் நிற்க வேண்டும் என்பது நம் நினைப்பு. பந்தயத்தில் ஓடிய குதிரைக்கு லகான் இறுகுவது சாய்ந்து ஓடத் துணை. இழுக்க இழுக்க வேகம் கூடும். அப்போது வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வேண்டும். ராணுவத்தில் குதிரைப் பிரிவில் இருந்து வந்த வாத்தியார்களுக்கு அந்தக் குரல் நன்றாக வாய்த்திருக்கும்: “எடி நீச்சே! ஹாத் நீச்சே! நஸர் ஊப்பர்!” குதிகால் கீழே, கை கீழே, பார்வை மேலே. இந்த மூன்றில் எதைச் செய்யவில்லை என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது. குதிரையைப் பராமரிக்கும் சையீஸுக்குத் தெரியும், ஆனால் லீஸ் எடுத்தவரிடம் சொல்வது மரியாதையல்ல என்று அவர் பேசாமல் புல்லுக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

வரலாற்றுச் சான்று வேண்டுவோர் மீண்டும் காயலுக்கு வரவும். பாண்டிய நாட்டு அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குவார், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சாது என்கிறார் போலோ. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. வேகவைத்த அரிசியும் இறைச்சியும் தீனி. வைத்தியம் தெரிந்த ஆள் வந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று வணிகர்களே தடுத்துவிடுகிறார்கள். வெனிஸ்காரர் எண்ணிக்கையைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் குதிரைக்குப் பொன்னும் வாத்தியாருக்குப் பூஜ்யமும் ஒதுக்கிய முதல் வரவு செலவுத் திட்டம் நம்முடையது என்பதை இவ்வாய்வு வருத்தத்துடன் பதிவு செய்கிறது. மாணிக்கவாசகர் விஷயத்தில் குதிரைப் பணம் திருப்பெருந்துறைக் கோயிலுக்குப் போயிற்று; வந்த குதிரைகள் இரவோடு இரவாக நரிகளாயின. ஒப்படைப்புத் தேதி எழுதாத ஒப்பந்தத்தின் ஆபத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. லீஸ் குதிரை நொண்டினால் வாடகை நிற்காது, ஏறுவது நிற்கும். ஆறு வாரம் ஓய்வு என்று மருத்துவர் சொன்னால் ஆறு வாரமும் காரட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். வகுப்பைத் தொடர்கிறவர் பள்ளிக் குதிரையில் ஏறிக்கொள்வார். பள்ளிக் குதிரை பல பேரைப் பார்த்த கிழட்டு ஆசாமி. லீஸ் குதிரை மன்னித்துவிடும் பிழையை அது மன்னிக்காது. ஒரே குதிரையில் பழகியவர் அந்தக் குதிரையைத்தான் கற்றிருக்கிறார், சவாரியை அல்ல.

இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்குத்தானே என்பார் சிலர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸாஜ் என்னும் நடையொழுங்குக் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. 1982 தில்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் முதல் தங்கம். நால்வரில் ஒருவரான ஹிருதய் சேடா மும்பைக்காரர். (சேடா நகருக்கும் அவருக்கும் தொடர்பு காட்டும் ஆசை இவ்வாய்வாளனுக்கு இருந்தது, ஆதாரம் இல்லை.) நால்வரும் ஐரோப்பாவில் ஆசான்களிடம் பயின்றவர்கள். ஆசிய அளவில் தங்கம் வாங்குகிறவருக்கே ‘கை கீழே’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆய்வின் தீர்ப்பு: லீஸ் எடுப்பவர் வாரம் ஒருநாளாவது அதே குதிரையில் வகுப்பு எடுக்க வேண்டும், மாதம் ஒருமுறையேனும் வேறு குதிரையில். இரண்டுக்கும் பணம் போதாதவர் லீஸை அரையாக்கிக்கொள்ளட்டும். அதற்கும் போதாதவர் லீஸை விட்டுவிட்டு வகுப்பை வைத்துக்கொள்ளட்டும். மும்பை வாசகர்கள் மழைக்காலத்தில் லீஸைத் தொடங்க வேண்டாம். மைதானம் சேறாகிக் கிடக்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், குதிரை நொண்டினால் யார் செலவு என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கவும். சையீஸுக்குத் தீபாவளி இனாம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அதைத் தனியாக எடுத்து வைக்கவும்.