சான்றிதழ் கேட்காத வைரஸ்

ஆலங்காயத்தில் கடல் இல்லை. ஆனால் எட்டத்தில் இருப்பதை உற்றுப் பார்க்கிற பழக்கம் எங்கள் பக்கத்துக்கு உண்டு. 1977 மார்ச்சில், 250 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் யுரேனஸ் வளையங்களின் தடயத்தை எங்கள் பக்கத்துக் காவலூர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. மன்னார் வளைகுடா அவ்வளவு தூரமில்லை. ஆகவே அங்கே மீன் கூண்டுக்குள் நடப்பதைப் பற்றி மலையடிவாரத்துக்காரன் பேசினால் மேலிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கூண்டுக்குள் புகும் நோடா வைரஸ் மீனின் மூளையையும் விழித்திரையையும் துளைத்துவிடும். குஞ்சுகள் பம்பரமாய்ச் சுழன்று கொத்துக் கொத்தாய்ச் சாகும். பொரிப்பகக் கொடுவாக் குஞ்சுகளை இது கொல்வதைச் சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனமான சிபாவின் ஆய்வாளர்கள் 2005இல் பதிவு செய்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் அறிக்கை. கொடுவாவோடு நிற்கிற கிருமியா அது? களவாவுக்குப் போகும், கடல்விராலுக்குப் போகும். உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்களில் கண்டிருக்கிறார்கள். ஜவ்வாது மலைப் பிள்ளை ஒரு சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறிச் செருப்புத் தேய்கிறது. இந்த வைரஸ் இனம் விட்டு இனம் தாவ வி.ஏ.ஓ. கையெழுத்துகூட வேண்டாம்.

அது போகிற வழி ஒன்றும் ரகசியமில்லை. தாய்மீன் முட்டையோடு கொடுத்துவிடும். தண்ணீர் அடுத்த கூண்டுக்குக் கொண்டுபோகும். பிழைத்த மீன் நோய் காட்டாமல் சுமந்து திரியும். போதாதென்று நாமே ஊட்டியும் விடுகிறோம்: மலிவாய்க் கிடைக்கிற கழிவு மீனைப் பச்சையாய் வெட்டி, அதிலுள்ள கிருமியோடு சேர்த்துக் கூண்டில் கொட்டுகிறோம். மண்டபத்தில் 2010இல் கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தது மெய்யான சாதனை. விஞ்ஞானிகளைக் குறை சொல்ல மாட்டேன். கூண்டு மிதக்கவிட்ட அன்று மாலையும் மைக்கும் பிடித்தவர்கள் மீன் மிதந்த அன்று எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

பட்டும் தெரியாத கூட்டம் இது. 1994இல் இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. அதுவும் ஓர் இனத்தோடு நிற்காத வைரஸ். நண்டும் சுமக்கும், காட்டு இறாலும் சுமக்கும். ஒருவர் நோய்க் குளத்தைக் கால்வாயில் திறந்துவிட, அடுத்தவர் அதையே மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டார். காந்தியவாதி ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அகற்றினார்களா? 2005இல் சட்டம் போட்டு ஆணையம் வைத்து, பண்ணைகளை உட்கார வைத்தார்கள். பதிவு இல்லாமல் நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. 2023 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டு அபராதம் வைத்தார்கள். தொழில் செய்வோருக்கு மனக்கஷ்டம் வரக் கூடாதல்லவா! மீன் செத்த கடனுக்கு மீனவர் வீட்டு நகை அடகுக்குப் போகும் கஷ்டம் எந்தத் திருத்தத்திலும் வரவில்லை.

இப்போது சிபா நோடாவுக்குத் தடுப்பூசியும் கண்டுபிடித்துவிட்டது. நல்லது. கூண்டுக் கொடுவாவைப் பிடித்து ஊசி போடலாம். கூண்டுக்கு வெளியே நின்று, வலைக்கண்ணில் சிந்துகிற தீனியைப் பொறுக்கும் மடவைக்கு யார் போடுவது? அதற்கும் ஒரு டெண்டர் விடுங்கள், ஐயா. கடலில் உள்ள அத்தனை மீனுக்கும் இரண்டு தவணை போட்டாயிற்று என்று பில் வரும். நீங்களும் பாஸ் பண்ணுவீர்கள்.